வேள்விக் கயிறும் வட்டத்தின் மிச்சமும்

வைதிக வேள்விச் சாலையின் முத்தீயில் கார்ஹபத்தியத்தின் இடம் வட்டமாகவும், ஆகவனீயத்தின் இடம் சதுரமாகவும், தட்சிணாக்கினியின் இடம் அரைவட்டமாகவும் அமைவதோடு, மூன்றின் பரப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கொள்ளப்பட்டதால், சதுரத்துக்குச் சமமான வட்டத்தை வரைவது சமயக் கடமையாயிற்று. அதற்கான வழிகளைத் தொகுத்த நூல்கள் சுல்ப சூத்திரங்கள்; சுல்பம் என்றால் கயிறு.

அவற்றுள் ஒன்றை இயற்றிய போதாயனரின் முறைப்படி, சதுரத்தின் நடுவில் முளை அடித்து, மூலை வரை நீளும் கயிற்றைப் பக்கத்துக்கு நேராகத் திருப்பி, பக்கத்துக்கு வெளியே மிஞ்சும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். பக்கம் 24 விரற்கடை எனில், நடுவிலிருந்து பக்கத்துக்கு 12, மூலைக்கு ஏறத்தாழ 16.97, மிஞ்சும் 4.97இல் மூன்றிலொன்றைக் கூட்ட, ஆரம், அதாவது மையத்திலிருந்து விளிம்புக்குள்ள தொலைவு, 13.66 ஆகிறது. அதன் இருமடங்கான விட்டம் 27.31, பரிதி எனப்படும் சுற்றளவு 85.8. அரைப் பரிதியை அரை விட்டத்தால் பெருக்கினால் பரப்பு வரும் என்பது தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரமும் சொல்லும் விதி; அப்படிப் பெருக்கினால் 586. சதுரத்தின் பரப்போ 576.

விதித்தபடி வரைந்தும் விதித்த சமம் கிட்டாதபோது வேள்வி நிறைவுற்றதாகுமா? மற்றொரு சுல்ப சூத்திர ஆசிரியரான ஆபஸ்தம்பர் இவ்வட்டத்தைப் பற்றிச் சொல்லும் ‘ஸாநித்யா’ என்பதை ‘ஸா நித்யா’ என்றும் ‘ஸா அநித்யா’ என்றும் பிரிக்கலாம். முதற்பிரிப்பில் அது திட்டமானது, மற்றதில் திட்டமற்றது. ஓர் அகரத்தில் தொங்கும் இவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. மண்ணும் செங்கல்லும் கொண்ட மேடையில் நூற்றுக்கு இரண்டுகூட எட்டாத வேறுபாடு கண்ணுக்கு எளிதில் படாது என்பதால், சடங்கின் செம்மை விளைந்த பரப்பிலன்றிச் செய்முறையிலேயே தங்கியிருந்தது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வட்டத்தைத் திட்டமாக அளக்க முடியுமா என்ற கேள்வியின் ஆழம் பின்னரே வெளிப்பட்டது. விட்டம் 20000 எனில் பரிதி 62832 என்று கி.பி. 499 அளவில் கூறிய ஆரியபட்டர், அதை ‘ஆசன்னம்’, அதாவது உண்மைக்கு அண்மித்தது, என்றே குறித்தார். உள்ளபடியான அளவை விடுத்து அண்மித்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று வினவிய கேரளத்து நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444), விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் அலகு எதுவாயினும் பரிதியில் மிச்சம் வைக்கும், பரிதியை மிச்சமின்றி அளப்பது விட்டத்தில் மிச்சம் வைக்கும், அலகைச் சிறிதாக்குந்தோறும் அம்மிச்சம் குறையுமேயன்றி அற்றுப்போகாது என்று விடையளித்தார். அளப்பவரின் கைப்பிழை என்று கருதக்கூடிய ஒன்று, இவ்விடையில் வட்டத்தின் இயல்பாகவே ஆகிவிடுகிறது.

நேர்கோடும் வட்டமும் மட்டுமே வரைந்து, எத்தனை படிகள் சென்றாலும், சதுரத்துக்குச் சமமான வட்டத்தை எய்த இயலாது என்பது 1882இல் ஜெர்மானியரான லிண்டமனின் நிறுவலால் உறுதியாயிற்று. அத்தகைய வட்டமே இல்லை என்பதன்று இதன் பொருள். 24 விரற்கடைச் சதுரத்துக்குச் சமமான வட்டத்தின் ஆரம் 13.54க்கும் 13.55க்கும் இடையே ஓரிடத்தில் திட்டமாக நிற்கிறது. முளையில் கட்டிய கயிறுதான் அங்கே போய்ச் சேர்வதில்லை.