முதலாளி இல்லாதவர்கள் கூடும் இடம்

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களைப் பார்த்து, "உங்களுக்கென்ன, தலைக்கு மேல ஆள் இல்ல" என்பார்கள். உண்மைதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யவும் ஆள் இல்லை. சம்பளத் தேதி இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனத்தில் இருப்பதைக் கொட்ட யாரும் இல்லை. ஒருவர் தவறாகப் பேசினால் போய் முறையிடவும் இடம் இல்லை. நான் பல ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். வீட்டின் முன்னறைதான் எனக்கு அலுவலகம். எங்கள் பகுதியில் இப்படித் தனியாக உழைத்துப் பிழைக்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆரி வேலை செய்கிற பெண்கள், எலக்ட்ரீஷியன், மொழிபெயர்ப்பாளர், கல்யாண போட்டோகிராபர், வீட்டில் கேக் செய்து விற்பவர் என்று பலரும் வருகிறார்கள். வராத பாக்கியை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும்.

இந்தக் கூட்டத்துக்கு நடத்தை விதிகள் எழுதலாம் என்றபோது சிலருக்கு வருத்தம். "நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே, எதுக்கு சட்டதிட்டம்?" என்றார்கள். நட்பு இருந்தால் விதி வேண்டாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருப்பவர்கள்தான். கதவோரம் உட்கார்ந்து, பேசலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு எழுதி வைத்த வார்த்தை ஒரு பிடிமானம். அவரை நினைத்துத்தான் விதி எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு கூட்டத்தில், புதிதாக வந்த பெண் ஒருவர் தன் ரேட்டைச் சொன்னார். கல்யாண ரவிக்கைக்குக் கழுத்திலும் இரண்டு கைகளிலும் ஜர்தோசியும் கல்லும் மணியும் வைத்து, இரவெல்லாம் கண் விழித்துத் தைத்துக் கொடுப்பதற்கு அவர் வாங்கும் தொகை அது. கேட்டதும் ஒருவர், "அய்யய்யோ, ரேட்டைக் கெடுக்கிறது நீங்கதானா?" என்று உரக்கச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரிக்க முயன்றார். பிறகு கூட்டம் முடியும்வரை இடக்கை விரல் நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார். துணியை இழுத்துக் கட்டிய சட்டத்துக்கு அடியில் நூலைப் பிடித்துக் கொடுக்கும் விரல் அது. மேலிருந்து இறங்கும் ஆரி ஊசி குத்திக் குத்தி அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது.

அவருக்கு ஆர்டர் வருவது ஒரு பொட்டிக் வழியாக. அந்தக் கடை கல்யாண வீட்டாரிடம் என்ன வாங்குகிறது என்பதே அவருக்குத் தெரியாது. சிரித்தவருக்கோ நேரடி வாடிக்கையாளர்கள். ரேட் குறைந்தால் எல்லோருக்கும் பாதிப்பு என்பதை நான் மறுக்கவில்லை. என் தொழிலிலும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு இப்படித்தான் சரிந்தது. ஆனால் குறைத்து வாங்குகிறவர் பெரும்பாலும் குறைத்துக் கொடுக்கப்படுகிறவர். அதனால் "ரேட்டைக் கெடுக்காதீங்க" என்று யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது என்று எழுதினோம். அதிகம் வாங்குகிறவர் முதலில் தன் ரேட்டைச் சொல்ல வேண்டும், அதை எப்படிக் கேட்டு வாங்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தோம். தனியாகத் தொழில் செய்கிற ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

கேள்விகளைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. ஒரு பெண் தன் தொழிலைச் சொன்னதும் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்கிறார்கள். அவர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடுகிறது, இவர் கைச்செலவுக்குச் செய்கிறார் என்று அந்தக் கேள்வியே முடிவு கட்டிவிடுகிறது. "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" என்று நீண்டால் அது எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அந்தத் தெருக் கேள்வி எங்கள் கூட்டத்தில் கிடையாது. அதேபோல், மொழிபெயர்ப்பாளரை "சார்" என்று அழைக்கிற வாய், தன்னைவிட மூத்த எலக்ட்ரீஷியனை "ஏம்ப்பா" என்று கூப்பிடக் கூடாது. எல்லோரும் எல்லோருக்கும் "நீங்க" சொல்கிறோம், பெயரோடு அண்ணனோ அக்காவோ சேர்த்து.

இதில் எனக்கு முன்மாதிரி அகமதாபாத்தின் சேவா அமைப்பு. தலைச்சுமைத் தொழிலாளிகள், காய்கறிக்காரப் பெண்கள், வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் சேர்ந்த சுயதொழில் பெண்கள் சங்கம் அது. இலா பட் தொடங்கி 1972-இல் தொழிற்சங்கமாகப் பதிவானது. முதலாளியே இல்லாதவர்களுக்கு யாரை எதிர்த்துச் சங்கம் என்று தொழிலாளர் துறை முதலில் தயங்கியது. சங்கம் என்பது யாரையும் எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, உழைக்கிறவர்கள் ஒன்று சேர்வதற்காக என்று அவர் வாதாடிப் பதிவு பெற்றார். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்கு போட்டுச் சொந்த வங்கியே தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர் என்பதால் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டினார்கள். உள்ளே வருகிறவர் வங்கிக்கு ஏற்ப மாற வேண்டும் என்று காத்திருக்காமல், வருகிறவருக்கு ஏற்ப வங்கியை மாற்றினார்கள். அங்கே சகோதரி என்ற பொருளில் எல்லோரும் எல்லோருக்கும் "பென்". சங்கத்தைத் தொடங்கிய வழக்கறிஞர் இலாபென், குப்பைக் காகிதம் பொறுக்குகிறவரும் இன்னொரு பென்.

விதியை எழுதும் வேலை எழுதத் தெரிந்தவர்கள் தலையில் விழுவது வழக்கம். அப்படி விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. நடைபாதையில் இட்லி விற்கிறவரைப் பற்றி அவர் இல்லாத அறையில் முடிவெடுக்கக் கூடாது என்ற அந்த நியாயம் எங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, அதிகம் பேசாதவர்களிடம் முதலில் கருத்துக் கேட்டோம். கூட்டத்தைக் காலை 11 மணிக்கு மாற்றியது, மாடியறையை விட்டுத் தரைத்தளத்துக்கு வந்தது எல்லாம் அப்படி வந்தவைதான்.

கடினமான பகுதி வேறு. எங்களுக்கு முதலாளி இல்லை என்கிறோம். ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். பெரிய ஆர்டர்கள் அவர் வழியாக வரும், பத்துப் பேர் அவரை நம்பியிருப்பார்கள். எங்களிடமும் ஒருவர் இருந்தார். கேக் செய்யும் பெண்ணுக்கு இரவு நேரத்தில் தேவையில்லாத செய்திகள் அனுப்பினார். அந்தப் பெண் அதைச் சொல்ல எவ்வளவோ தயங்கினார். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. ஆனால் தன் அடுப்படியில் கேக் செய்கிறவருக்கு, அந்தக் குழுவின் கதவைத் தட்டும் துணிவு வருவதற்கு முன்னால், கூடவே இருக்கிறவர்கள் நம்ப வேண்டும். புகாரைக் கேட்க நாங்கள் இரண்டு பேரை வைத்திருந்தோம். இருவரும் அந்த மனிதரிடம் ஆர்டர் வாங்காதவர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தோம்.

அவரை விலகச் சொன்னோம். ஆர்டர்களும் அவரோடு போயின. இரண்டு பேருக்கு அந்தக் கல்யாண சீசன் முழுக்க வேலை குறைந்தது. அவர்களின் கோபம் நியாயமானது, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். எங்களால் முடிந்த வேலைகளை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டோம். அது ஈடாகவில்லை. அந்த நாட்களில் 1981 நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. குஜராத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிரான கலவரத்தில் தலித் மக்கள் தாக்கப்பட்டபோது இலா பட் அவர்கள் பக்கம் பேசினார். 1920-இல் அனசூயா சாராபாயும் காந்தியும் உருவாக்கிய மஜூர் மகாஜன் சங்கம்தான் சேவாவுக்குத் தாய்ச் சங்கம். அப்படிப் பேசியதற்காக அந்தச் சங்கம் சேவாவை வெளியேற்றியது. நிழல் கொடுத்த இடத்தை இழந்துதான் சேவா தன் சொல்லைக் காப்பாற்றியது.

விலகச் சொன்னவர் இப்போது திரும்பி வரலாமா என்று ஆள் விட்டுக் கேட்கிறார். வேலை இழந்தவர்களுக்கு அதில் விருப்பம். அந்தப் பெண்ணிடமே கேட்டு முடிவு செய்வோம் என்கிறார்கள் சிலர். அவரிடம் கேட்க வேண்டும்தான். ஆனால் "நீங்க சொன்னா சரி" என்று முடிவையே அவர் தலையில் கட்டினால், மறுத்தால் அவர்தான் மற்றவர்கள் பிழைப்பைக் கெடுத்தவர் ஆவார். அதனால் முடிவு எங்கள் எல்லோருடையதாக இருக்க வேண்டும், எல்லோர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லப்போகிறேன், வேலை இழந்த அந்த இருவரும் எதிரில் உட்கார்ந்திருக்க.