ஊர்தியும் அறமும்

திருவாரூர்த் தேர்க்காலின் கதையை அறியாத தமிழர் இலர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். மன்னனின் நடுநிலைக்குச் சான்றாகவே இதனைச் சொல்லி வருகிறோம். ஆனால் இக்கதையினுள் வேறொரு வினாவும் அடங்கியுள்ளது. கன்றைக் கொன்றது தேரா, தேரில் சென்றவனா? இளவரசன் வேண்டுமென்று செய்தானல்லன். கன்று ஓடி வந்ததை அவன் காணவும் இல்லை. ஆயினும், 'அறியாமல் நேர்ந்தது' என்னும் விடையை மன்னன் ஏற்கவில்லை. பெரியபுராணம் இன்னொருவரையும் நமக்குக் காட்டுகிறது. இளவரசன்மீது தேரைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட அமைச்சர், அதனைச் செய்ய மனமின்றித் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அறியாமல் செய்தவன் ஒருவன். ஆணையிட்டும் செய்யாதவர் ஒருவர். இவ்விருவருக்கும் இடையில்தான் நம்மில் பெரும்பாலோர் வாழ்கிறோம்.

ஊர்தி செய்த பழியை யார் சுமப்பது? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா இரும்புச் சக்கரங்களோடு மலாயாவுக்கு வந்து சேர்ந்தது.

1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், இருள் பிரியுமுன், சிலிம் ரிவர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ முப்பது ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தன. எதிர்த்து நின்ற 11ஆம் இந்திய டிவிஷனின் காவல் ஒரே நாளில் சிதறியது. அன்று மலாயாவைக் காத்து நின்ற பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. நான்கே நாளில், ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது. போர் ஊர்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தக் கவச வண்டியே. ஆனால் அறத்தை ஆராய்பவனுக்கு டாங்கி கடினமான பொருளன்று. அதன் முகத்தில் பீரங்கி இருக்கிறது. உடலெங்கும் கவசம் இருக்கிறது. அது எதற்காக வருகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். போரின் முகம் இல்லாமல் போருக்கு உழைக்கும் ஊர்திகளே நம் சிந்தனைக்கு உரியவை.

மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்வையும் கள்ளுக்கடை ஒழிப்பையும் வேண்டியவர்கள், இன்னொன்றையும் வேண்டினார்கள்: துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் காலாட்படை மிதிவண்டிகளில் ஏறித் தெற்கு நோக்கி விரைந்தது. அவற்றுட் பல இந்நாட்டு மக்களிடமிருந்து பறித்தவை. வெயிலில் டயர்கள் வெடித்தபோது, வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டிச் சென்றனர். இரவில் அவ்வோசையைக் கேட்ட காவலர், டாங்கிகள் வருகின்றன என்று மயங்கியதும் உண்டு. தொழிலாளி ஏறியபோது இறங்கச் சொன்ன அதே இரண்டு சக்கரங்கள், துப்பாக்கி ஏந்தியவன் ஏறியபோது துரைமாரையே ஓடச் செய்தன. ஊர்தி தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. ஏறுபவன் யார், இறங்கி நிற்பவன் யார் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது என்று இங்கே முடித்துவிடத் தோன்றும்.

ஆனால் அப்படி முடிக்க முடியாமல் தடுப்பது ஒரு சாதாரணச் சரக்கு வண்டி.

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குத் தளவாடமும் உணவும் அனுப்பக் கடல்வழி ஆபத்தாயிற்று. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை ஒன்றை, 1942, 1943ஆம் ஆண்டுகளில், காட்டையும் மலையையும் பிளந்து அமைத்தனர். அதற்கான தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரும் அங்கே உழைத்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேல்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. மடிந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருக்கோ எத்தனை பேர் மடிந்தனர் என்னும் கணக்கே ஒருமுகமாக இல்லை.

இவர்களை ஏற்றிச் சென்றவை டாங்கிகள் அல்ல. ரப்பரையும் ஈயத்தையும் அரிசியையும் சுமந்த சரக்குப் பெட்டிகளே. தோட்டத்து மக்கள் 'கம்பிச் சடக்கு' என்று அழைத்த அந்தப் பாதையை இட்டவர்களும் பேணியவர்களும் பெரும்பாலும் தமிழரே. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பும் செந்தூல் பட்டறையும் அவர்களின் உழைப்பால் வளர்ந்தவை. ஆட்சி மாறியது, வண்டி ஓடுவது நிற்கவில்லை. ஒருவர் பட்டியல் எழுதினார். ஒருவர் பெட்டிகளைக் கோத்தார். ஒருவர் கொடி அசைத்தார். ஒருவர் நெருப்பூட்டினார். எவரும் எவரையும் கொல்லவில்லை. ஆயினும் தமிழர் கோத்த வண்டியில் தமிழர் சாகப் போயினர். போர்க்காலப் போக்குவரத்தின் பெருந்தீங்கு இதுவே: ஒரு கொடுஞ்செயலை ஆயிரம் சிறு கடமைகளாக அது பகுத்துவிடுகிறது. பின்னர் ஒவ்வொரு கையும் தன்னைத் தூயதென்று எண்ணிக்கொள்கிறது. டாங்கியின் கவசத்தைக் குண்டு துளைக்கும். 'நான் என் வேலையைத்தான் செய்தேன்' என்னும் கவசத்தைத் துளைப்பது அரிது.

அப்படியானால் அந்த இரயில்வே ஊழியர்களைக் குற்றவாளிகள் என்போமா? அவ்வாறு சொல்ல என் நா எழவில்லை. அவர்கள் தலைக்குமேல் வாள் தொங்கியது. வீட்டிலே பிள்ளைகள் பசித்திருந்தனர். பெட்டி எங்கே போகிறது என்பதை அறிந்தவர் சிலர், அறியாதவர் பலர். 1945இல் நேசநாட்டு விமானங்கள் கோலாலம்பூரின் இரயில் நிலையத்து யார்டைத் தாக்கியபோது, குண்டுக்கு அஞ்சி ஓடியவர்களும் அவர்களே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வீழ்ந்த குண்டு சிலாங்கூர் அரும்பொருளகத்தையும் சிதைத்தது. வானத்திலிருந்து பார்த்தவனுக்கும் அங்கே வண்டிகளே தெரிந்தன, மனிதர் தெரியவில்லை.

திருவாரூர் அமைச்சரைப் போல் உயிரைக் கொடு என்று பிறரைக் கேட்கும் உரிமை, அச்சமின்றி வாழும் நமக்கு இல்லை. ஆனால் பழி சுமத்த முடியவில்லை என்பதனால் பழியே இல்லை என்றாகிவிடாது. அறியவும் மறுக்கவும் ஒருவனுக்கு எவ்வளவு ஆற்றல் இருந்ததோ, அவ்வளவு பொறுப்பு அவனுடையது. திட்டமிட்ட தளபதிக்கு அது மலையளவு. கொடி அசைத்த ஏழைக்குத் தினையளவு. அந்தத் தினையளவையும் தீர்க்கும் வழி ஒன்று உண்டு: கண்டதைச் சொல்லுதல். நமக்கும், அவர்களின் வழிவந்தோர்க்கும், அக்கடன் இன்னும் தீரவில்லை.

அப்பாதையில் ஓடிய சி5631 என்னும் நீராவி எஞ்சின் 1979இல் ஜப்பானுக்குத் திரும்பியது. தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய போர் அரும்பொருளகத்தில் அது மெருகோடு நிற்கிறது. எஞ்சினுக்குப் பெயரும் எண்ணும் இடமும் கிடைத்துவிட்டன. அது இழுத்த பெட்டிகளுக்கு ஏதும் இல்லை. அப்பாதையை இட்டு மடிந்தவர்களுக்கும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸின் பழைய யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் இயங்குகிறது. நாள்தோறும் பல்லாயிரவர் அங்கே ஏறுகின்றனர், இறங்குகின்றனர். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதே நம் கேள்வி. அதனோடு இன்னொரு கேள்வியையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக: நாம் கோக்கும் வண்டியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் தம் விருப்பத்தோடுதான் ஏறினார்களா? இவ்வினாவை உரிய காலத்தில் கேட்பவன், தேர்க்காலின் கீழ்க் கன்று விழுமுன் அதனைக் கண்டுகொள்வான்.