காட்சியும் கண்ணோட்டமும்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடல் கடந்து ஒரு தீவுக்குச் சென்று வருவது இன்று நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் இன்பமாகிவிட்டது. இரண்டு தலைமுறைக்கு முன், ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் வாழ்ந்த ஆலைத் தொழிலாளிக்குப் பயணம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்கு இரவு ரயிலில் இடம்பிடித்துப் போய்வருவது ஒன்றுதான். பின்னி ஆலையின் சங்கொலி கேட்டுக் கண்விழித்த என் தந்தை கடலையே இருமுறைதான் கண்டார். அவருடைய கொள்ளுப்பேத்தியோ பெங்களூரில் விமானம் ஏறி, மூன்று மணி நேரத்திற்குள் வங்கக் கடலைத் தாண்டி அந்தமானில் இறங்கினாள். இது மகிழத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இன்பம் பெருகும் இடத்தில் கடமையும் பெருகும் அன்றோ? விருந்தினரைப் பேணும் முறையைக் கூற வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாகச் செல்பவன் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை அவர் வகுக்கவில்லை. பிறர் மண்ணுக்கு இன்பம் நாடிச் செல்பவன் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன், மருமகள், பேத்தி ஆகியோருடன் அத்தீவுக்குச் சென்று வந்ததிலிருந்து இவ்வினா என்னை விட்டு அகலவில்லை. விடை கண்டவன் என்ற முறையில் அன்று, பிழை செய்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

முதல்நாள் சிற்றறைச் சிறையைக் கண்டோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட போர்ட் பிளேர் நகரில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து ஏழு சிறகுகள் விரிந்திருந்தன. இன்று எஞ்சி நிற்பவை மூன்று. ஒரு சிறகின் அறைகள் எதிர்ச்சிறகின் முதுகுப்புறத்தையே நோக்குமாறு அதனை அமைத்திருந்தார்கள். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணக் கூடாது என்பதே அதன் நோக்கம். மனிதனை மனிதன் காண முடியாமற் செய்வதும் ஒரு தண்டனை என்பதை அந்தக் கொடுமையின் சிற்பிகள் நன்கு அறிந்திருந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவ்வறைகளை எட்டிப் பார்த்தன. அப்பார்வையில் பிழையில்லை. தம் துன்பத்தை நாடு அறிய வேண்டும் என்றே அங்கு அடைபட்டோர் ஏங்கினர். நாம் பார்க்கும்போது அவர்கள் கேட்டதைத்தான் கொடுக்கிறோம்.

மறுநாள் நடந்தது வேறு.

பாரடாங் தீவில் சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் உள்ளன. அங்குச் செல்லும் சாலை ஜாரவா என்னும் பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. விடியுமுன் புறப்பட்டு ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். குறித்த நேரத்தில் வண்டிகள் அனைத்தும் காவலுடன் தொடராகவே செல்ல வேண்டும். நடுவே நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. உணவுப்பொருள் எதுவும் கொடுக்கக் கூடாது. விதிகள் தெளிவாகவே இருந்தன. ஆனால் வரிசையில் காத்திருந்தவர்களின் பேச்சில் குகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “இன்றைக்குக் கண்ணில் படுவார்களா?” என்பதே எல்லாருடைய கேள்வியாகவும் இருந்தது.

பட்டார்கள். காட்டின் ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். அருகில் இரு சிறுவர். எங்கள் வண்டியில் இருந்தோர் அனைவரும் ஒருபுறமாகச் சாய்ந்தனர். நானும் சாய்ந்தேன், கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சில விநாடிகளே. அத்தாய் எங்களைப் பார்க்கவில்லை. காட்டை நோக்கித் திரும்பிக்கொண்டாள். அப்போது என் பேத்தி மெல்லிய குரலில், “தாத்தா, அவங்க வீட்டுக்குள்ளதானே நாம போறோம்?” என்று கேட்டாள். எழுபது வயதில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அக்குழந்தையின் வினாவுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1858-இல் ஆங்கிலேயர் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் பல ஆயிரவர் இருந்தனர். நாகரிகம் கற்பிப்பதற்கென அமைக்கப்பட்ட இல்லங்களில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். 1877-இல் பரவிய தட்டம்மையும் வேறு தொற்றுநோய்களும் அவர்களை வாரிச் சென்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 44 பேர். அவர்களுள் ஒரு கிளையினரின் ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார்; அவரோடு அம்மொழியும் மறைந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்தும் தாய்மொழியை விடாது காக்கச் சங்கம் கண்ட நமக்கு, இந்த ஒரு செய்தி போதும் நெஞ்சு கனப்பதற்கு.

ஜாரவா மக்களோ நெடுங்காலம் வில்லேந்தித் தம் காட்டைக் காத்தவர்கள். 1990-களின் இறுதியில்தான் அச்சம் தணிந்து சாலையோரம் வரலாயினர். உடனே 1999-இல் தட்டம்மை வந்தது. 2006-இல் மீண்டும் வந்தது. காப்புக்காட்டினூடே செல்லும் சாலைப்பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது; எனினும் போக்குவரத்து நிற்கவில்லை. உணவுக்காக அப்பெண்களை ஆடவைத்த ஒளிப்படக் காட்சி 2012 ஜனவரியில் வெளியாகி உலகமே தலைகுனிந்தது. மனிதரைக் காட்சிப் பொருளாக்குவது இன்று பிறந்த பழக்கமும் அன்று. காட்டு விலங்கு வணிகரான ஹாகன்பெக் என்னும் ஜெர்மானியர் 1880-களில் இலங்கையிலிருந்து மக்களை யானைகளோடு அழைத்துச் சென்று ஐரோப்பிய நகரங்களில் கட்டணம் பெற்றுக் காட்டினார். நம் அண்டை மண்ணின் மக்களே அன்று வேலிக்கு அப்புறம் நின்றார்கள். இன்று நாம் வண்டிக்குள் இருக்கிறோம் என்பதற்காக, வேலி இல்லாமற் போய்விட்டதென்று கூறலாமா?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. எங்கள் வண்டியோட்டி தமிழர்; கூலிவேலைக்கெனத் தமிழகத்திலிருந்து சென்றவரின் பேரர். அந்தமானில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்துத் தமிழே மிகுதியாகப் பேசப்படுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர் சொன்னார்: “ஐயா, உங்களுக்கு இது ஒரு நாள் சாலை. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை. பயணிகள் வராவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது.” அவர் கூற்றில் உண்மை உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வந்த மண்ணில் வேரூன்றியவனை நோக்கி, ‘நீ ஏன் வந்தாய்?’ என்று கேட்கும் உரிமை எவரைக் காட்டிலும் நமக்குக் குறைவு. ஆனால் அவருடைய தேவை வேறு. என்னுடைய ஆவல் வேறு. நோயாளி செல்ல வேண்டிய சாலை என்பது, வேடிக்கை பார்ப்பவனுக்கு உரிமைச்சீட்டு ஆகாது. பிறர் தேவையின் நிழலில் என் ஆவலை ஒளித்துவைத்தேன் என்பதே நேர்மையான கூற்று.

இங்குத் தமிழின் ஒரு சொல் நமக்கு வழிகாட்டுகிறது. குறளில் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் ‘கண்ணோட்டம்’. கண் ஒருவர்மேல் ஓடுவது என்ற பொருளில் பிறந்த சொல், இரக்கத்தையும் தாட்சிணியத்தையும் குறிக்கலாயிற்று. பார்வையையும் பரிவையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கினர். அதற்கு அடுத்த அதிகாரமோ ‘ஒற்றாடல்’. அதுவும் ஒருவகைப் பார்வைதான். கண் ஒன்றே, அது பரிவாகவும் ஆகலாம், வேவாகவும் ஆகலாம். இரண்டையும் பிரிப்பது எது? எதிரே நிற்பவரின் இசைவு என்பேன். சிற்றறைச் சிறையில் காணப்படாமை தண்டனையாயிற்று. ஜாரவாக் காட்டில் காணப்படுவதே தண்டனையாகிறது. முன்னவர் தம்மைக் காணுமாறு ஏங்கினர். பின்னவர் முகம் திருப்பிக்கொண்டனர். எனவே பார்ப்பது நன்று அல்லது தீது என்று பொதுவிதி கூற இயலாது. பார்க்கப்படுபவர் முகத்தில்தான் விதி எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வுண்மையை அறிய நான் அந்தமான் வரை சென்றிருக்க வேண்டியதில்லை. நம் தெருவே எனக்கு அதை இருமுறை கற்பித்திருந்தது, நான்தான் மறந்திருந்தேன்.

என் சிறுவயதில் ஒருநாள், நகரத்தின் வேறு பகுதியிலிருந்து சிலர் புகைப்படக் கருவியோடு எங்கள் சந்துக்குள் வந்தனர். தெருக்குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களைப் படம் எடுத்தனர். என் தாய் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். வந்தவர்கள் தீயவர்கள் அல்லர், எவரையும் ஏசவில்லை. படம் எடுத்தார்கள், போனார்கள். அன்றிரவு என் தாய் உண்ணவில்லை. “கேட்டிருந்தால் நல்ல சேலை கட்டி நின்றிருப்பேனே!” என்று மட்டும் சொன்னார்.

பின்னர் 1991 டிசம்பர். காவிரிப் பிணக்கை ஒட்டி நகரில் கலவரம் மூண்ட நாட்களை இந்நூலைப் படிக்கும் பல குடும்பங்கள் மறந்திரா. எங்கள் தெருமுனையில் கூட்டமாக வந்து நின்ற சிலர், தமிழர் வீடு எது என்று எதிர்வீட்டுக் கன்னட மூதாட்டியைக் கேட்டனர். எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அமர்ந்திருந்த அவர், எங்கள் பக்கம் கண்ணைத் திருப்பாமலே, தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கோலத்தை நாள்தோறும் பார்த்த கண்கள் அவை! அன்று அவை எங்களைப் பாராமல் இருந்ததால்தான் நாங்கள் பிழைத்தோம். பார்வையை விலக்குவதும் கண்ணோட்டமே என்பதற்கு இதனினும் உரை வேண்டுமோ?

அத்தகைய கண்ணோட்டத்தால் காக்கப்பட்ட நான்தான், முப்பது ஆண்டுகள் கழித்து வண்டிச் சன்னலில் கழுத்தை நீட்டினேன்.

பாரடாங்கிலிருந்து திரும்பும்போதும் அதே சாலை. காப்புக்காடு தொடங்கும் இடத்தில் என் பேத்தி எழுந்து தன் பக்கத்துச் சன்னலின் திரையை இழுத்து மூடினாள். பிறகு என் பக்கத்துத் திரையையும் மூடினாள். எவரும் மறுத்துப் பேசவில்லை. அத்திரை எங்களைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது என்று கூறமாட்டேன். வண்டி அந்தக் காட்டின் வழியேதானே ஓடிற்று! குகையைக் காணாமலே ஊர் திரும்பியிருந்தால் அதுவே முழு அறமாகியிருக்கும். கடலும் மணலும் பவளப்பாறையும் வேறெங்கும் தாராளமாகக் கிடக்கும் தீவில், ஒரு குகையை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பன்று.

அன்பர்களே, செல்லுங்கள், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். நம் பெற்றோருக்குக் கிட்டாத இன்பம் அவர்களுக்குக் கிட்டட்டும். ஆனால் புறப்படுமுன், எவற்றைப் பார்ப்பது என்று பட்டியல் எழுதும் தாளின் மறுபுறத்தில், எவற்றைப் பாராமல் திரும்புவது என்றும் பிள்ளைகளோடு அமர்ந்து எழுதுங்கள். வந்தேறிய மண்ணில் பிறர் கண்ணோட்டத்தால் வாழ்ந்தவர்கள் நாம். அந்தக் கடனை அடைக்க நமக்கு வாய்க்கும் இடம், நாம் விருந்தாகச் செல்லும் இடமேயாகும்.