பூட்டிய மூடி

பிறர்மீது ஐயம் கொள்வது பாவமா? அறநெறி இறையியலில் இது மிகப் பழைய வினா. தீர்ப்பிடலாகாது என்னும் ஆண்டவரின் கட்டளையை நாம் அறிவோம். ஆயினும் ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. ஐயம் உள்ளத்தளவில் நிற்பது, எவருக்கும் தீங்கு செய்யாதது, பொறுப்பில் இருப்பவருக்கு அது கடமையும்கூட என்று நம் மனச்சான்று சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இவ்வினாவுக்குக் குருமடத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதியவன் நான். அவ்விடையின் பொருள் எனக்கு விளங்கியதோ, பல ஆண்டுகள் கழித்து, எங்கள் பங்கின் பழைய டீசல் வேன் மேடேற மறுத்தபோதுதான்.

திருப்பூர்ப் பகுதியில் பணியாற்றும் குருக்களுக்கு வண்டி ஆடம்பரம் அன்று. கிளை ஊர்களின் திருப்பலிக்குச் செல்லவும், பனியன் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அழைத்து வரவும் அந்த வேனே உதவியது. ஒரு கோடையில் அதன் மைலேஜ் வெகுவாகக் குறைந்தது. டீசல் எங்கே போகிறது? ஓட்டுநர்மீது என் எண்ணம் சென்றது. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. மாறாக, டீசல் டேங்குக்குப் பூட்டுள்ள மூடி ஒன்றை வாங்கிப் பொருத்தி, சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்திற்குள் வண்டிக்கு இழுவை போயிற்று. புறப்படும்போது நன்றாக ஓடும். அரைமணி நேரம் ஓடியபின் மேடு வந்தால் திணறி நின்றுவிடும். அந்நாள்களில் பங்கு மக்களுள் ஒருவர் வந்து, ஊத்துக்குளி சாலையோரம், மாலை மங்கும் வேளையில், நம் ஓட்டுநர் ஸ்குரூ டிரைவரால் டேங்க் மூடியை நெம்பிக்கொண்டிருந்ததைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். ஓட்டுநரை அழைத்துக் கேட்டேன். "மூடியத் தொறந்து விட்டாத்தானுங்க சாமி வண்டி இழுக்குது" என்றார். இதைவிடப் பொருந்தாத பொய்யை நான் கேட்டதில்லை என்று நினைத்தேன். கணக்கு முடித்து அனுப்பினேன். பங்குப் பேரவையினர் காரணம் கேட்டபோது, அதையும் சொன்னேன்.

வண்டி அதன் பிறகும் திணறியது. ஒரு பட்டறையில் ஃபில்டரை மாற்றினார்கள். அடுத்து நாசில்களைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்னர் பம்பையே பிரிக்கவேண்டும் என்றார்கள். அச்செலவுக்கு அஞ்சி, வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றேன். 'மைக்கோ பம்பு' என்றே சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். (1951இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் 2008இல் பாஷ் எனப் பெயர் மாறியது அவருக்கு ஒரு பொருட்டன்று.) ஸ்பேனரைத் தொடுமுன் அவர் கேள்விகள் கேட்டார். இழுவை எப்போது போகிறது, ஸ்டார்ட் செய்தவுடனா, ஓடிய பிறகா? நிறுத்தி வைத்தால் திரும்ப வருகிறதா? எந்த மாதத்திலிருந்து?

இத்தகைய பழைய டீசல் எஞ்சினில் அழுத்தம் இருவகை. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டர் வழியே அனுப்பும் சிறிய ஃபீட் பம்பின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு கிலோ. அதைப் பெற்று நாசில் வழியே பீய்ச்சும் பெரிய பம்பின் அழுத்தமோ நூறு கிலோவையும் தாண்டும். இழுவை தளர்ந்தால் எல்லாரும் பெரியதையே குறை சொல்வர். தனக்கு வந்து சேராததை அது எவ்வாறு அழுத்தும்? அவர் ஃபில்டருக்கு அப்பால் ஒரு கேஜைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டார். முள் முதலில் ஓரிடத்தில் நின்று, பின் மெல்ல மெல்லச் சரிந்தது. குழாயின் இடையே, உள்ளே ஓடுவது தெரியும் டியூப் ஒன்றை இணைத்தார். குமிழி இல்லை, ஆகவே வழியில் எங்கும் காற்று புகவில்லை. அடுத்து, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டீசல் நிரம்பிய திறந்த கேனுக்குள் ஒரு குழாயை விட்டு இழுக்கச் செய்தார். முள் சரியவே இல்லை. பம்பு குற்றமற்றது என்பது அந்நேரத்தில் தெளிவாயிற்று. பழையபடி குழாயை மாட்டிச் சிறிது ஓடவிட்டபின் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். சாவியை நான்தான் கொடுத்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது.

மூடியில் காற்றுத் துளை இல்லை. டீசல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று வரவேண்டும்; வராவிடில் பம்பு ஒருபுறம் இழுக்க, டேங்க் மறுபுறம் பிடித்துக்கொள்ளும். பழைய மூடியில் துளை இருந்தது. நான் வாங்கிய மூடியில் இல்லை. மைலேஜ் குறைந்ததற்கும் அவர் காரணம் காட்டினார். எஞ்சினுக்குக் காற்று செல்லும் ஏர் ஃபில்டரில் பஞ்சுத் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. பனியன் கம்பெனி வாயில்களில் நாள்தோறும் நிற்கும் வண்டிக்கு வேறு என்ன நேரும்?

புனித தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) தமது இறையியல் தொகுப்பில், ஐயம் மூன்று ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது என்கிறார்: ஐயுறுபவரின் சொந்தத் தீமை, பிறர்மேல் உள்ள வெறுப்பு அல்லது பொறாமை, நீண்ட அனுபவம். முதியோர் மிகுதியாக ஐயுறுவது இம்மூன்றாவதால். அனுபவம் உறுதிக்கு இட்டுச் செல்வதால் இதில் ஐயத்தின் தன்மை சற்றுக் குறைகிறது என்றும் அவர் இடம் தருகிறார். இங்கே மட்டும் அப்பெரியாரோடு முரண்படத் துணிகிறேன். பலமுறை ஏமாற்றப்பட்ட பங்குத்தந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறார். கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்களும், பாவம் செய்தவர் இவரா, இவர் பெற்றோரா என்று ஆண்டவரிடம்தான் கேட்டார்கள். அம்மனிதரிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

என்னை அஞ்சவைப்பது இதனினும் வேறொன்று. உள்ளத்தளவில் நிற்பதாக நான் எண்ணிய ஐயம் அங்கு நிற்கவில்லை. அது கடைக்குச் சென்று மூடி வாங்கியது. அம்மூடி கோளாறை உண்டாக்கியது. அக்கோளாறு ஒரு மனிதரைச் சாலையோரத்தில் ஸ்குரூ டிரைவரோடு நிறுத்தியது. அக்காட்சியை நான் சான்றென ஏற்றேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. கேஜ் இல்லாமலே கோளாறைக் கண்டறிந்தவரும் அவரே.

இவ்வாறு தன் சான்றைத் தானே படைத்துக்கொள்ளும் ஐயம் ஓர் ஊரையே பற்றுவதுண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பீகார் அரசின் அலுவலர் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் திரும்ப ரயில் நிலையத்தில் கூடியோர், அஞ்சி ஓடுவோராகக் காட்டப்பட்டனர். அதைக் கண்டு உண்மையாகவே அஞ்சிப் புறப்பட்டோரும் உண்டு.

நற்பெயரைக் கெடுத்தவர் மன்னிப்புப் பெற்ற பின்னும் ஈடுசெய்யும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. பிறருக்கு நான் பலமுறை எடுத்துரைத்த போதனை இது. அவர் ஒரு காம்பாக்டிங் நிறுவனத்தின் துணி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். தேடிச் சென்று, நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த மூடிக்குத் தொளை போட்டாச்சுங்களா சாமி?" என்றார். போட்டாயிற்று என்றேன். மீண்டும் வேலைக்கு வர அவர் இசையவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து, குற்றம் என்னுடையது என்று அறிவித்தேன். அன்று ஐவர் வரவில்லை. நால்வரைப் பின்னர் வீடுகளில் சந்தித்துச் சொன்னேன். ஐந்தாமவர், மூடியை நெம்பியதைக் கண்டு வந்து சொன்னவர், ஊர் மாறிப் போய்விட்டார். அவருடைய முகவரியை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.