ஊட்டுதலும் உட்செலுத்துதலும்

விழுங்கும் ஆற்றல் இழந்தார்க்கு வயிற்றுச் சுவரிற் றுளையிட்டு, இரைப்பையினுட் குழாய் நிறுத்தி, அதன்வழி நீருணவு செலுத்தும் முறை இந்நாளிற் பெருவழக்காயுள்ளது. வயிற்றை அகலக் கீறாது, உள்நோக்குங் கருவியின் துணைகொண்டு இதனை இயற்றும் வழியைக் கௌடரர், பான்ஸ்கி என்னும் மருத்துவர் அமெரிக்க தேயத்துக் கிளீவ்லாந்து நகரில் 1979-ஆம் ஆண்டு முதற்கட் கையாண்டனர். குழந்தைகட்கெனத் தோன்றிய அம்முறை பின்னர் முதியோர்க்கும் பரவிற்று. இதனை மறுத்தல் அறமாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உணவளித்தல் உயிரளித்தலாகலின், குழாயை மறுப்பது கொலையோடொக்கும் என்பாருமுளர். அவர் கூற்று இரக்கத்திற் பிறந்ததே. ஆயினும் ஊட்டுதலும் உட்செலுத்துதலும் ஒன்றெனக் கொண்டமையின் வழுவுடைத்து. ஊட்டுதலில் உண்பானது விருப்பமும், சுவையும், ஊட்டுவாரது அருகிருப்பும் உள. உட்செலுத்துதல் மருந்தின் பாற்படும். மருந்தோ பயனும் கேடும் சீர்தூக்கிக் கொள்ளற்பாலது.

கேடுகளாவன: துளையின் புறத்தே சீழ் கொள்ளும், உணவு கசிந்து தோலை அரிக்கும். வழி உறுதிப்படுமுன் குழாய் பிடுங்கப்படின், இரைப்பையிலுள்ளன வயிற்றறையிற் சிந்தி உயிர்க்கிறுதி பயக்கவுங் கூடும். மிக இறுக்கிக் கட்டின், உள்ளிருக்குந் தடை இரைப்பைச் சுவரினுட் புதையும். உணவு மேலெழுந்து நுரையீரலிற் புகுதலையும் இக்குழாய் தடுப்பதன்று.

அற்றேல், இது முற்றும் விலக்கற்பாலதோ எனின், அன்று. பக்கவாதத்தால் விழுங்கவியலாது பின்னர்த் தேறுவார்க்கும், தொண்டைப் புற்றுக்கு மருத்துவம் பெறுவார்க்கும் இஃது உறுதுணையாம். மறதிநோய் முற்றிய முதியோர் திறத்து நிலை வேறு. அன்னார்க்குக் குழாய் வேண்டா, கையாற் பைய ஊட்டுதலே தக்கதென அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அறிவு மயங்கினார் குழாயைப் பறிப்பர். அதனைத் தடுக்கக் கையைப் பிணிப்பதும் உண்டு. உணவின் பொருட்டுக் கையைப் பிணித்தல் எவ்வாற்றான் அன்பாகும்?

கையாலூட்டுவது உடற்குப் போதாதே எனின், இறுதி நெருங்கிய உடல் உணவை வேண்டாது விடுதல் இயல்பு. ஆண்டு ஒருவாய் கஞ்சியும், நாவை நனைக்கும் நீரும், உடனிருப்புமே செய்யத் தக்கன. எனினும், ஊட்டும் உழைப்பிற்கும் பொருட்செலவிற்கும் அஞ்சி இந்நியாயத்தைப் போர்வையாக்குதல் பெரும்பழியாம்.

ஆகலின், குழாய் வைக்கத் துணிவார் ஒன்றனை முதற்கண் வினவுக: இது நோயுற்றார் நலத்தின் பொருட்டோ, "யாதுஞ் செய்யாதிருந்தோம்" என்னும் நம் அச்சம் நீங்குதற்பொருட்டோ? நோயாளர் தெளிவுற்றிருந்த நாளிற் கூறிய விருப்பமுளதாயின், அதுவே அவ்வினாவிற்கு முதல் விடையாகக் கொள்ளற்பாலது. அஃதில்வழி, அவரை நன்கறிந்தார் மருத்துவரோடு கலந்து, அவருக்கு உறும் பயன் ஒன்றனையே நோக்கித் துணிதல் வேண்டும் என்பது எம் கருத்து.