புலால் மறுத்தலும் ஆள் மறுத்தலும்

1

தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் கறியோ மீனோ முட்டையோ தின்கிறவர்கள். மத்திய அரசு 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கு இப்படிச் சொல்கிறது. ஆனால் இந்த 97 பேரின் சோற்றுக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. மீதிப் பேரின் சோறு 'சைவம்'. நம்முடையது அது இல்லாதது, 'அசைவம்'. ஒரு மதத்தின் பெயரைச் சோற்றுக்கு வைத்து, அதற்கு முன்னால் 'உயர்தர' என்று ஒரு அடைமொழியும் போட்டாயிற்று. அப்ப நாம தின்னுறது என்ன தரம்?

1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டு அந்தச் சொல் போயிற்று. 'உயர்தர சைவம்', 'பியூர் வெஜ்' என்று எழுதிக்கொண்டால் யாரும் மறியல் பண்ண முடியாது. 2014 ஏப்ரலில் 'தி இந்து' நாளேட்டின் நிர்வாகம், கேன்டீனுக்கு அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவிப்பு விட்டது. சைவ ஊழியர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். 2018 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு மாணவர் உணவுக்கூடத்தில் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல். கை கழுவுகிற தொட்டியும் தனித்தனி. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்ட மாணவர்கள் அதை வெளியே கொண்டுவந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் தாள்கள் போயின.

அந்தக் கை கழுவும் தொட்டியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தொட்டி வைத்ததால் எந்த ஆட்டின் உயிர் பிழைத்தது? எந்தக் கோழி தப்பித்தது? ஒரு உயிரும் இல்லை. கறி தின்ற கையும் தின்னாத கையும் ஒரே குழாயைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். கருணை என்ற பெயரில் தீட்டு நடமாடுகிறது.

இதை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம், மேடையில் பேசியிருக்கிறோம். இதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியும்கூட. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தீட்டைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டாலும், அறுக்கும்போது ஆடு துடிக்கிறதே, அதற்கு நம் பதில் என்ன? நம் பிள்ளைகளிலேயே சிலர் இதைக் கேட்டுக் கறியை விட்டிருக்கிறார்கள். 'என்னடா, அய்யராயிட்டியா?' என்று அவர்களைக் கேலி செய்வதுதான் இயக்கத்தில் நாம் இதுவரைக்கும் கொடுத்திருக்கிற பதில். இது போதாது.

2

கொல்லாமை யாருடைய சொத்து என்பதை முதலில் பார்ப்போம்.

மயிலாப்பூரில் கோயில் கட்டிக் கும்பிடப்படுகிற வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரம், கொல்லாமைக்கு ஒரு அதிகாரம் எழுதினார். நெய் ஊற்றி ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஒரு உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது மேல் என்கிறார். யாரைப் பார்த்துச் சொன்னது இது? வேள்வி செய்தவனைப் பார்த்து. தமிழில் கொல்லாமை பேசியவர்கள் சமணர்களும் பௌத்தர்களும். அது யாகத்துக்கு எதிராகக் கிளம்பிய குரல்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை, பசு பால் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை. ஒரு பார்ப்பனர் எடுத்து வளர்க்கிறார். வேள்விக்காகக் கட்டி வைத்திருந்த பசுவை அவன் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அவன் பிறப்பைச் சொல்லி இழிவு செய்கிறார்கள், ஊரைவிட்டே துரத்துகிறார்கள். அவன் மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், நாதியற்றவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு மிச்சத்தைத் தான் தின்கிறான். பசுவைக் காப்பாற்றினவன் பிறப்பில் இழிந்தவன் என்று விரட்டப்பட்டவன். மாட்டுக்கு இரங்கிய மனசே பசித்த மனுசருக்கும் இரங்கியது.

அதே காப்பியத்தில் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குகிற சாதுவன், அங்கே மனுசரையே தின்கிற நாகர் தலைவனுக்குச் சொல்கிற அறம் இன்னும் கவனிக்கத்தக்கது. மூப்படைந்து தானாகச் சாகிற விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். அதாவது செத்த விலங்கைத் தின்பதில் கொலை இல்லை. கறி தின்பவர்களுக்குள்ளேயே அவன்தான் குறைந்த இம்சைக்காரன்.

இதோடு பாபாசாகேப் 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். பார்ப்பனர்கள் ஒரு காலத்தில் யாகத்தில் மாட்டை வெட்டித் தின்றவர்கள்; பௌத்தத்தோடு போட்டி போட்டுத்தான் அதை விட்டார்கள்; செத்த மாட்டைத் தின்றுகொண்டிருந்த சிதறிய மக்கள் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்கிறார். கொன்று தின்றவர்களின் வாரிசுகள் சுத்தம். கொல்லாமல், செத்ததைத் தின்றவர்களின் வாரிசுகள் அசுத்தம். 2016-இல் குஜராத் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டி வைத்து அடித்தார்களே, அந்த மாடும் அவர்கள் கொன்ற மாடில்லை. உயிர்க்கொலைதான் குற்றம் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

3

கருணையையும் தீட்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். அந்த மறுப்புக்கு விலை கொடுப்பது யார்? ஒருவன் கறியை விடுகிறான், தன் நாக்கின் ருசியை விடுகிறான், அந்த நட்டம் அவனுடையது. அது கருணை. விலையை இன்னொருவன் தலையில் கட்டினால் அது வேறு.

டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபாக்களில் மிருதங்கம் முழங்குகிறது. அதில் பசுத்தோல் உண்டு, எருமைத்தோல் உண்டு, ஆட்டுத்தோல் உண்டு. தோலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள், பதப்படுத்துகிறவர்கள், வார் இழுத்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை 2020-இல் கலாக்ஷேத்ராவில் வெளியிட முதலில் அனுமதி கிடைத்தது, பிறகு அந்த அனுமதி ரத்தானது. விழா தரமணிக்குப் போயிற்று. தோல் வாசிக்கலாம், அது எந்த மாட்டின் தோல் என்று பேசத்தான் கூடாது. காலையில் குடிக்கிற டிகிரி காபிக்கும் இதே கதைதான். பசு கன்று போட்டால்தான் பால். பிறக்கிற கன்றில் பாதி காளை. பால் வற்றின பசுவும் வேண்டாத காளையும் எங்கே போகின்றன என்று கேட்காமல் இருக்கிற வரைக்கும் சைவம் சுத்தம். கொலையைத் தீட்டு இல்லாமல் ஆக்குவதில்லை. அடுத்தவன் கைக்குத் தள்ளிவிட்டுத் தன் கையை மட்டும் கழுவிக்கொள்கிறது.

மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி என்று அரசாங்கம் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறது. அன்றைக்குச் சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டியில் வேலை செய்கிற கூலிக்காரருக்கு வேலையில்லை, கூலியில்லை. கருணை காட்டியது அரசாங்கம், பட்டினி கிடப்பது அவர் பிள்ளை. அந்தக் கூலியை யாராவது ஈடுகட்டினால் அதைக் கருணை நாள் என்று நாமும் ஒத்துக்கொள்ளலாம்.

வள்ளுவரிடமே இந்த இரண்டும் இருக்கின்றன. தின்பதற்காக உலகம் வாங்காவிட்டால் விற்கிறவன் இருக்கமாட்டான் என்று ஒரு இடத்தில் பொறுப்பைத் தின்பவன் மேல் வைக்கிறார். அது நேர்மை. இன்னொரு இடத்தில் கொலைத்தொழில் செய்பவனை இழிதொழிலாளி என்று ஒதுக்குகிறார். முதலாவதை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதை வள்ளுவரே சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர், கறி தொடாதவர், மயிலாப்பூரில் வீடு பார்க்கப் போனார். வீட்டுக்காரர் கேட்டார். 'சார், நீங்க வெஜ்தானே?' 'ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்தே.' 'ரொம்ப சந்தோஷம். நாங்க ஜாதியெல்லாம் பாக்கறதில்ல. சொந்த ஊர் எது சார்?' ஊரைச் சொன்னார். 'அங்க எந்தத் தெரு?' தெருவையும் சொன்னார். வீட்டுக்காரரின் மகனுக்கு வீடு தேவைப்படுவதாக மறுநாள் தகவல் வந்தது. கறியை விட்டாலும் ஆளை விடவில்லை. அந்தத் தெருக்கள் வழியாகத்தான் பங்குனியில் அறுபத்து மூவர் ஊர்வலம் வருகிறது. அதில் கண்ணப்பரும் உண்டு. பன்றிக் கறியை வாயில் போட்டு ருசி பார்த்துச் சிவனுக்குப் படைத்த வேடர். தோளில் தூக்கிக் கொண்டுபோவார்கள், வீட்டு மாடியை அவருக்கு வாடகைக்கு விடமாட்டார்கள்.

4

இனி நம் பக்கம்.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். அது தீட்டு என்பதால் இல்லை. செத்த மாட்டை இழுப்பதும் அந்தக் கறியை வாங்குவதும் சேர்ந்து நம்மை ஊருக்கு அடிமையாகக் கட்டிப் போட்டிருந்தன. சுயமரியாதைக்காக விடச் சொன்னார். 1956 அக்டோபரில் நாகபுரியில் எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவேன் என்பது இருக்கிறது. மது அருந்தமாட்டேன் என்பது இருக்கிறது. கறி தின்னமாட்டேன் என்பது இல்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் அகிம்சையை விதி என்று சொல்லவில்லை, கோட்பாடு என்கிறார். தேவைக்காகக் கொல்வது வேறு, கொல்ல வேண்டும் என்பதற்காகவே கொல்வது வேறு என்று பிரிக்கிறார். விதி என்றால் கீழ்ப்படிந்தால் போதும். கோட்பாடு என்றால் ஒவ்வொரு தரமும் நாமே யோசித்தாக வேண்டும்.

யோசித்தால் நமக்கும் சில சங்கடங்கள் உண்டு. 2017 மே மாதம் அறுப்புக்காக மாட்டைச் சந்தையில் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டபோது ஐ.ஐ.டி. மாணவர்கள் மாட்டுக்கறி தின்று எதிர்ப்புக் காட்டினார்கள். இரண்டு நாளில் ஒரு ஆராய்ச்சி மாணவர் கண்ணில் காயம்படத் தாக்கப்பட்டார். தின்னாதே என்று கட்டளை போடுகிறவன் முன்னால் தின்பது அரசியல்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத மாட்டுக்கறிதான் ஏழை வீட்டுப் பிள்ளையின் உடம்புக்குச் சத்து. அதைத் தடுப்பது கொடுமை. ஆனால் கொட்டகைக்குள் நெருக்கி அடைத்து வளர்த்து, ஆறு வாரத்தில் வண்டி ஏற்றுகிற பிராய்லர் கோழியை நாம் தின்பதில் என்ன கலகம் இருக்கிறது? அது யாரோ ஒரு முதலாளியின் லாபம். அடைத்து வைப்பது, பெயர் இல்லாமல் ஆக்குவது, உழைப்பையும் உடம்பையும் உறிஞ்சுவது எல்லாம் நமக்குத் தெரியாத விஷயமா? 'மிருகம்தானே' என்று ஒருவன் சொல்லும்போது, நம்மைப் பார்த்தும் அப்படித்தானே சொன்னார்கள் என்று நமக்குத் தோன்ற வேண்டாமா?

ஆகவே நம் பிள்ளை ஒருவன் இதை யோசித்துக் கறியை விட்டால் அவன் அய்யர் ஆகவில்லை. ஆபுத்திரன் வழிக்குப் போகிறான். 1898-இல் ராயப்பேட்டையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் கட்டினாரே, அந்தப் பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் முதலாவது கொல்லாமைதான். அது நம்ம வீட்டுச் சரக்கு. ஒரே ஒரு நிபந்தனை. விட்டவன் தின்கிறவனை விட்டுவிடக் கூடாது. அம்மா ஆக்கின கறிச்சட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தால், நம் பந்தியில் தனி இலை கேட்டால், அன்றைக்கு அவன் விட்டது கறியை மட்டும் இல்லை. தின்கிறவர்களும் அவனை இழுத்து வைத்து ஊட்டிவிட வேண்டாம். பக்கத்தில் உட்காரட்டும், ரசம் ஊற்றட்டும், ஒரே குடத்துத் தண்ணியைக் குடிக்கட்டும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு சைவக்காரர்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். உங்கள் உயிரிரக்கத்தைச் சந்தேகப்பட நமக்கு விருப்பமில்லை. மாட்டுக்கறி தின்கிற ஒரு குடும்பத்துக்கு உங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுவீர்களா? விடுவீர்கள் என்றால், ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் உட்கார்ந்து பேச நாங்கள் தயார். நீங்கள் சொல்வதைக் கேட்டு எங்களில் சிலர் மாறவும் கூடும். மாட்டோம் என்றால், கருணையைப் பற்றிப் பேசுவதை எங்கள் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.