திறப்பு யார் கையில்?

புதுவீடு புகுவோரும், பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடித்தோரும், மாடிவீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தோரும் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அளவுநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று, எந்தச் சுவரோரம் எந்த அலுமாரியை வைப்பது என்று பார்ப்பதே அது. பார்த்து முடிந்ததும் சிலர் மரத்தளபாடத்துக்குப் பேர்போன மொறட்டுவைக்குப் போகின்றனர். சிலர் புறக்கோட்டைக்கு வருகின்றனர். பூட்டும் பிணைச்சலும் வேண்டுமென்றால் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகள் இருக்கவே இருக்கின்றன. சுமப்பதற்கு நாட்டாமிமாரும் கைவண்டியும் உண்டு.

எந்த அறைக்கு எந்த அலுமாரி பொருத்தம் என்பது தச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி போலத் தோன்றும். உண்மைதான். ஆயினும் அந்தக் கேள்விக்குள்ளே மனிதரைப் பற்றிய வேறொரு கேள்வியும் அடங்கிக் கிடக்கின்றது. அதையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

தச்சர் சொல்லும் பொருத்தம்

முதலில் தச்சரின் பங்கைப் பார்த்துவிடுவோம். வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருப்போர் இரும்பு அலுமாரி வாங்குவதற்கு முன் இருமுறை யோசிப்பது நல்லது. உப்புக்காற்றுப் பட்ட இரும்பில், வர்ணம் உதிர்ந்த இடத்திலெல்லாம் கறள் பிடிக்கும். அங்கே தேக்கும் பலாவும் நெடுங்காலம் நிலைக்கும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில், மழைக்கு வெள்ளம் ஏறக்கூடிய கீழ்வீட்டில் இருப்போருக்குக் கால் உயர்ந்த அலுமாரியே தகும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நீரில் ஊறினால் உப்பிப்போகும். பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பாது.

எந்த அலுமாரியையும் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டால் காற்றோட்டம் இருக்கும். துணியிலே பூஞ்சணம் பிடிப்பது குறையும். கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளின் அறையிலுள்ள உயரமான அலுமாரியையோ சுவரோடு இறுகப் பிணைத்தே வைக்கவேண்டும். திறந்த லாச்சிகளைப் படியாக நினைத்துச் சிறுபிள்ளை ஏறினால், அலுமாரி முழுவதும் பிள்ளையின் மேல் சரிந்துவிடும். குசினி அலுமாரிக்குக் கம்பிவலைக் கதவு வேண்டும். அதன் நான்கு கால்களையும் நீர்க்கிண்ணத்தில் நிறுத்திய நம் பாட்டிமாரின் வழக்கம் எறும்புக்கு இன்றும் நல்ல மருந்து. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி ஆகியவற்றை ஈரம் எட்டாத மேல்தட்டில், ஒரே உறையில், அவசரத்துக்குக் கைக்கு எட்டும்படி வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் பொருள்களைப் பற்றிய பொருத்தம். அறைகளை அளந்தாயிற்று, பொருள்களையும் எண்ணியாயிற்று. ஆட்களை எண்ணினோமா?

ஒரு சொல்லின் பயணம்

அலுமாரி என்ற சொல் போர்த்துக்கேயரோடு நம் வாயில் ஏறிய சொல். அதன் மூலமான இலத்தீன் சொல் முதலில் ஆயுதங்களும் கருவிகளும் வைக்கும் இடத்தைக் குறித்தது. பிற்காலத்தில் துறவியர் மடங்களில் நூல்களைக் காக்கும் பேழைக்கு அதே பெயர் வழங்கியது. லாச்சி என்ற சொல் ஒல்லாந்தர் தந்தது. அவர்களுக்கு முன்பும் நமக்குப் பெட்டகம் இருந்தது, பேழை இருந்தது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அடிக்கருத்து ஒன்றே: எனக்கு வேண்டியதைப் பிறர் கை படாமல் வைக்க ஓர் இடம்.

புறக்கோட்டையில் ஒல்லாந்தர் காலத்து வீடொன்று 1982இல் அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது. அங்கே அக்காலத்துத் தளபாடங்களைக் காணலாம். கருங்காலியில் கடைந்த அந்த வேலைப்பாடு கண்டோரை வியக்க வைக்கும். அத்தகைய தளபாடங்களை நாள்தோறும் துடைத்துத் துலக்கிய கைகள் யாருடையவை? ஒல்லாந்தக் கொழும்பில் வீட்டு வேலையின் பெரும்பங்கு அடிமைகளின் தலையிலே விழுந்தது. இரவானதும் அவர்களை ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தனர். நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் இடத்தை ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பொருள்படும் பெயரால் நெடுங்காலம் அழைத்து வந்தது இதனாலேயே. இலங்கையில் அடிமைமுறை 1844இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. எசமானின் வீட்டில் எத்தனையோ பேழைகள். அவற்றைத் துடைத்தவருக்கோ தம்முடையது என்று சொல்லத் தம் உடம்பும் இல்லை.

அக்காலம் போய்விட்டது என்று நாம் ஆறுதல் அடையலாம். சட்டம் மாறியது மெய். ஆனால் இன்று நம் வீட்டுக் குசினியின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஆணியில் தொங்கும் பை

ஹற்றனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வேலைக்கு வந்து, கொழும்பு வீடுகளிலே தங்கியிருக்கும் பெண்கள் பலர். காலை தேநீர் முதல் இரவு கதவடைப்பு வரை வீட்டின் ஒவ்வொரு அலுமாரியும் அவர்கள் கையால் திறந்து மூடப்படுகின்றது. நம் சேலைகளை மடித்து அடுக்குவோர் அவர்களே. நம் பிள்ளைகளின் சீருடை எந்தத் தட்டில் இருக்கிறது என்று நம்மைவிட நன்றாய் அறிந்தோரும் அவர்களே. அவர்களுடைய உடுப்பு எங்கே இருக்கின்றது? பல வீடுகளில் அது குசினிக் கதவின் பின்னே ஆணியில் தொங்கும் ஒரு சொப்பிங் பையில். அல்லது மாடிப்படியின் கீழே, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அருகே. அந்தப் பையிலேதான் மாற்றுச்சேலை, அந்தப் பையிலேதான் அடையாள அட்டை, மகனின் படம், மிச்சம் பிடித்த சம்பளம்.

பூட்டுள்ள ஒரு லாச்சி இல்லாமற் போவதால் ஒருவருக்கு என்ன குறைந்துவிடும்? இதுவே நம் கேள்வி. சாப்பாடு குறையாது; சம்பளம் குறையாது. குறைவது வேறொன்று. மனிதருக்குத் தம்மைப் பற்றியவற்றில் சிலவற்றைத் தாமே வைத்துக்கொள்ளவும், வேண்டியபோது தாமே வெளியே எடுக்கவும் ஓர் இடம் வேண்டும். கடிதமொன்றை மறைவாக வைத்து இரண்டாம் முறை வாசிப்பது சிறிய காரியந்தான். ஆனால் அதைச் செய்ய இடமில்லாதவர் எப்போதும் பிறர் கண்முன்னேயே வாழ்கின்றார். தாம் காட்ட விரும்பியதைக் காட்டி, விரும்பாததைக் காட்டாமல் இருக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த உரிமை இல்லாத இடத்தில் தன்மதிப்பு நெடுநாள் நிற்காது.

நாம் சொல்லும் சமாதானங்கள்

“அவளை நாங்கள் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்; பூட்டுக் கேட்கும் அளவுக்கு இங்கே வேறுபாடு இல்லை” என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல மனத்தோடு சொல்வதாகவே கொள்வோம். அப்படியாயின் சொந்தப் பிள்ளைக்கு அறையிலே அலுமாரி உண்டல்லவா? பிள்ளை மாதிரி என்பவர் பிள்ளைக்கு உள்ளதில் ஒரு தட்டையாவது கொடுக்கவேண்டும். அன்பு என்ற சொல்லை உரிமைக்கு ஈடாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது.

“வீடு சிறிது; இரண்டு அறையில் ஆறு பேர்” என்பது அடுத்த சமாதானம். இதில் உண்மை உண்டு. கொழும்பிலே இடத்தின் விலையை நாம் அறிவோம். ஆனால் நாம் கேட்பது அறை அன்று, ஒரு லாச்சி. விருந்தாளி வரும் நாளுக்கென்று வைத்துப் பல ஆண்டுகளாக எடுக்காத பீங்கான் தட்டுகளுக்கு மண்டபத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று நிற்குமானால், இடமில்லை என்று சொல்வது எப்படி? இடம் இருக்கின்றது, அந்த இடத்தை யாருக்கு ஒதுக்குவது என்பதில்தான் தீர்ப்பு முன்கூட்டியே முடிந்துவிட்டது.

மூன்றாவது சமாதானத்தை யாரும் உரத்துச் சொல்வதில்லை. “பூட்டைக் கொடுத்தால் உள்ளே எதை வைப்பாளோ?” என்பதே அது. வீட்டில் ஒரு மோதிரம் காணாமற் போனால் முதலில் அவிழ்த்துப் பார்க்கப்படுவது அந்தப் பைதான். மோதிரம் பிறகு கழுவுதொட்டியின் ஓரத்தில் கிடைத்துவிடும். அவிழ்த்த பையை மீண்டும் கட்டிக் கொடுத்தாலும் அவிழ்த்தது அவிழ்த்ததே. இதையும் எண்ணிப் பாருங்கள்: நம் குழந்தையை, நம் உணவை, நம் வயோதிபத் தாயை அவள் கையில் ஒப்படைத்து விட்டு வேலைக்குப் போகின்றோம். இத்தனையிலும் அவளை நம்புகின்றவர்கள் ஒரு லாச்சியில் மட்டும் நம்ப முடியாது என்பது நியாயமாகுமா?

உலகம் ஒப்புக்கொண்டது

இதை ஏதோ மென்மனத்தாரின் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 2011இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தொழில் மாநாடு, வீட்டுப் பணியாளர்களுக்கென 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. தம் கடவுச்சீட்டையும் அடையாளப் பத்திரங்களையும் தாமே வைத்திருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று அது கூறுகின்றது. அதனோடு வந்த 201ஆம் இலக்க விதந்துரை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. வீட்டிலே தங்கி வேலை செய்வோருக்குத் தனியறை வேண்டும், அந்த அறைக்குப் பூட்டு வேண்டும், அதன் திறப்பைப் பணியாளரிடமே கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடியிருந்து ஒரு திறப்பைப் பற்றிப் பேசினார்கள் என்றால் அது சிறு விடயமாக இருக்க முடியாது.

நம் நாட்டுப் பெண்கள் எத்தனையோ ஆண்டுகளாக மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்வருகின்றனர். அங்கே எசமானின் அலுமாரிக்குள் கடவுச்சீட்டுப் பூட்டப்பட்டதால் திரும்பி வர வழியின்றித் தவித்தோரின் கதைகளைக் கேட்டு நாம் கொதித்துப் போகின்றோம். கொதிப்பது சரியே. அந்தக் கொதிப்பின் ஒரு பங்கை நம் வீட்டு மாடிப்படியின் கீழும் கொண்டுவந்து வைப்பதே முறை.

ஒரு பையோடு நின்றவர் நாம்

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. 1983 யூலையில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பெட்டகமும் அலுமாரியும் சாம்பலாயின. கையில் அகப்பட்ட ஒரு பையோடு முகாம்களில் நின்ற குடும்பங்கள் எத்தனை! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவ்வாறே தம் உடைமைகளை விட்டுவிட்டு வந்தார்கள். பலர் தங்கும் மண்டபத்தில், தலைமாட்டிலே பையை அணைத்துக்கொண்டு தூங்குவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்று இழந்தது பொருள் மட்டுமா? இது என்னுடையது, இதைத் தொடுமுன் என்னைக் கேள் என்று சொல்லும் நிலையையும் அல்லவா இழந்தோம்? அந்த வேதனையை அறிந்தவர் வீட்டிலே இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் ஒரு பையோடு இருக்கலாமா?

வேலைக்கு வந்தவர் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்து தங்கியிருக்கும் தாய், தன் றங்குப்பெட்டி எந்தக் கட்டிலின் கீழ் தள்ளப்பட்டிருக்கிறது என்று தேடலாம். படிப்புக்காக வந்து தங்கிய மருமகன் தன் புத்தகங்களை யன்னல் ஓரத்தில் அடுக்கியிருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் தட்டு இல்லாதவர் ஒருவர் இருக்கக்கூடும். கேட்கமாட்டார்; கேட்கும் இடத்தில் தாம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை அளவுநாடாவை எடுக்கும்போது சுவரை அளக்குமுன் வீட்டிலே இரவு தூங்கும் தலைகளை எண்ணுங்கள். பின்பு லாச்சிகளை எண்ணுங்கள். குறைகின்ற லாச்சிக்கு இடம் பாருங்கள். பெரிய செலவு ஒன்றுமில்லை: ஈரம் ஏறாத ஒரு மூலை, ஒரு சிறிய அலுமாரி, ஒரு பூட்டு. புதுப்பூட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு திறப்புகள் வரும். இரண்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.